ஆனரபிள் ஒபிரியின் ஒற்றைச் செருப்பு

ஆனரபிள் ஒபிரியின் கால் தரையில் படாமல் போன அன்று அசுவாசோ ஊரில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? தலைவனுடைய வெறுங்கால் மண்ணில் படக்கூடாது என்பது அந்த ஊர்க்காரர்கள் நடக்கப் பழகும்போதே கேட்டு வளர்கிற சட்டம். செருப்பைக் கழற்றி அவன் பாதத்தை மண்ணில் அழுத்திவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து அவன் தலைவன் இல்லை, வெறும் ஆள், அவ்வளவுதான். ஆகவே பட்டம் கட்டின கையோடு அவர் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்ததைப் பார்த்தவர்கள், பரவாயில்லையே, இந்த மனுஷர் சட்டத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே மதிக்கிறார் என்று தலையாட்டிவிட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கிற பக்கம் போய்விட்டார்கள்.

அனிமா மட்டும் குழம்புப் பக்கம் போகாமல் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் அந்தப் பட்டம் கட்டுகிற யோசனையே அவளுடையது. அனிமா யாரென்றால், அசுவாசோ சந்தையின் தக்காளி ராணி. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தப் பக்கத்துச் சந்தைகளில் கிழங்குக்கு ஒரு ராணி, கருவாட்டுக்கு ஒரு ராணி, தக்காளிக்கு ஒரு ராணி என்று வியாபாரம் செய்கிற பெண்களே தங்களுக்குள் ஒருத்தியைப் பிடித்து நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். விலை சொல்வது அவள், சண்டை தீர்ப்பது அவள், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பது அவள். தக்காளி விளைவதெல்லாம் அபுரா ஆற்றுக்கு அக்கரையில், சந்தையும் ஆஸ்பத்திரியும் தார் ரோடும் இக்கரையில், நடுவில் ஒரே ஒரு மரத்தோணி. போன மழைக்காலத்தில் அந்தத் தோணி கவிழ்ந்து அனிமாவின் தங்கை பொக்குவா போய்ச் சேர்ந்தாள். விலை பேசும்போதே சிரித்துவிடுகிற, அதனாலேயே ஒரு நாளும் லாபம் பார்க்காத பொக்குவா. அவளைத் தேடி எடுத்தபோது கூடையின் கயிறு இன்னும் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது, அனிமா தன் கையாலேயே அதை அவிழ்த்தாள்.

அந்தச் சாவுக்குத்தான் ஒபிரி முதல்முதலாக ஊருக்கு வந்தார். அப்போது அவர் எம்.பி. தேர்தலில் நிற்கிற வெறும் வேட்பாளர். சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி போர்த்திக்கொண்டு, பிணத்தின் தலைமாட்டில் நின்று, எங்கள் சகோதரி, எங்கள் சகோதரி என்று தேம்பித் தேம்பி அழுதார். கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்த பெண்களே வாயடைத்துப் போனார்கள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் அனிமா வீடு வீடாக ஏறி இறங்கினாள். "இந்த மனுஷன் பாலம் கட்டுவான்னு நான் சொல்றேன். கட்டலைன்னா என் நாற்காலியைத் தூக்கி ஆத்துல போடுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று இரண்டு கரையிலும் சத்தியம் செய்தாள். ஒபிரி ஜெயித்தார். ஊரே வெள்ளைப் பவுடரை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு ஆடியது. அப்புறம் அவர் தலைநகரத்துக்குப் போனார், போனவர் போனவர்தான், போன் அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறார், மறுபடி அடித்தால் அந்த மீட்டிங் இன்னும் முடியவில்லை.

சந்தையில் பெண்கள் அவளுடைய நாற்காலியை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அனிமாவுக்கு அந்த யோசனை வந்தது. நேராக ஊர்ச் சபைக்குப் போனாள். அந்த ஊர்த் தலைவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானா சபையில் யாரிடமும் நேராகப் பேசமாட்டார், பக்கத்தில் கோலோடு நிற்கிற பேச்சாளர் காதில் சொல்வார், பேச்சாளர் அதைச் சபைக்குச் சொல்வார். அனிமா சொன்னாள்: "நானா, எம்.பி.யை அடுத்த எலெக்ஷன் வரைக்கும் நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா தலைவனை எந்த நாளும் இறக்கலாம், செருப்பைக் கழட்டினா போதும். அவருக்கு வளர்ச்சித் தலைவர்னு ஒரு பட்டம் கட்டுங்க. ஆசையா ஓடி வருவார். அப்புறம் அவர் காலு நம்ம கையில." நானா பேச்சாளர் காதில் என்னவோ சொன்னார். "நானா சிரிக்கிறார்" என்று பேச்சாளர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அறிவித்தார்.

அப்படித்தான் ஒபிரி வந்தார், ஜின் சாராயத்தை மண்ணில் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டார்கள், முரசு பேசியது, தங்கச் சரிகை வைத்த கறுப்புச் செருப்பைக் காலில் மாட்டினார்கள், விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. அவர் மைக்கைப் பிடித்து, "ஆறு மாசத்துல பாலம்!" என்றார், ஒரு சாண் உயர்ந்தார். "பாலத்து மேல விளக்கு!" என்றார்; முழங்கால் உயரம். கூட்டம் கைதட்டத் தட்ட அவருக்கு வாய் நிற்கவில்லை, கல்லூரி என்றார், குளிர்சாதனக் கிடங்கு என்றார், விமான நிலையம் என்று சொல்லும்போது பந்தல் துணியில் தலை முட்டிக்கொண்டது. அவருடைய டிரைவர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக் காருக்குள் திணித்துப் பார்த்தான். கார்க் கூரையில் ஒட்டிக்கொண்டு, "பார்லிமென்ட்டுக்கு நேரமாச்சு, பார்லிமென்ட்டுக்கு நேரமாச்சு" என்று புலம்பினார். கதவைத் திறந்ததும் சோப்புக் குமிழி மாதிரி வெளியே வந்து மேலே போய்விட்டார்.

பறந்து தொலைந்துவிடப் போகிறாரே என்று பெண்கள் தங்கள் மேல்துணிகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கி அவர் இடுப்பில் கட்டி, இன்னொரு முனையை ஆற்றங்கரை இலவ மரத்தில் இழுத்துக் கட்டினார்கள். காரியம் முடிந்தது. அன்றிலிருந்து அசுவாசோவுக்கு, பக்கத்துத் தொகுதிகளில் எங்கும் இல்லாத வசதி ஒன்று கிடைத்தது, ஊரிலேயே இருக்கிற எம்.பி.

ஊர் அதற்கு எப்படிப் பழகிக்கொண்டது என்று கேட்கிறீர்களா, இதற்கு முன்னால் எப்படி இருந்தோம் என்று அவர்களுக்கே மறந்துபோகிற அளவுக்குப் பழகிக்கொண்டது. மக்காச்சோள உருண்டையும் மிளகாய்த் துவையலும் பொரித்த மீனும் மூங்கில் கழி நுனியில் மேலே போகும், காலித் தட்டு கீழே வரும். நாவிதர் இலவ மரத்தில் ஏறி, கிளையில் உட்கார்ந்து சவரம் செய்வார். தலைவருக்குக் குடை பிடிப்பது மரியாதை என்பதால் குடைக்காரன் இருக்கிற கம்புகளையெல்லாம் ஒன்றோடொன்று கட்டி ஒரு குடை செய்தான், காற்றடித்தால் அவனையும் சேர்த்துத் தூக்கியது. பாதிரியார் இது ஆசீர்வாதம் என்றார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இது எச்சரிக்கை என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்து இது தேர்தல் விதிமீறல் என்று சொல்லிவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று போய்விட்டார்கள். யாராவது மனு கொண்டுவந்தால் மட்டும் கூட்டமாக ஓடிவந்து, "ஆனரபிள், வாயைத் திறக்காதீங்க! கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க!" என்று கத்துவார்கள். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பார்ப்பார், ஆனால் பழக்கம் பொல்லாதது, "செஞ்சுடலாம்மா" என்று ஒரு வார்த்தை நழுவும், துணிக்கயிறு விறைக்கும், இன்னொருத்தி தன் மேல்துணியை அவிழ்த்து முடிச்சுப் போட வேண்டியிருக்கும்.

மழைக்காலம் வந்தது. அங்கேதான் அனிமாவுக்குக் குழப்பம் முற்றியது. ஏனென்றால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து வருகிற தூரம் முழுக்கத் தெரியும், அடித்து வருகிற மரம் தெரியும், சுழி தெரியும், மேற்கே பெய்த மழையின் செந்தண்ணீர் வருவது முன்கூட்டியே தெரியும். ஒபிரி மேலேயிருந்து கத்துவார், "தோணியை எடுக்காதே, மரம் வருது!" தோணிக்காரர் நிறுத்துவார். "இப்ப வா!" வருவார். அந்த மழையில் ஒரு கூடை தக்காளிகூட நனையவில்லை. பெண்கள் அவரை வாழ்த்திப் பாட்டுக் கட்டினார்கள். "பாலம் எதுக்கு ஆண்ட்டி? பாலம் பேசுமா? இவர் பேசுறாரே!" என்று சின்னப் பெண்கள் அனிமாவைக் கேட்டார்கள். நன்றாகத்தானே இருக்கிறது, உயிர் போகவில்லையே, என் நாற்காலியும் பிழைத்ததே என்று ஒரு மனசு சொல்லும். அப்படியானால் பொக்குவாவுக்காக நான் கேட்ட பாலம் என்ன ஆச்சு என்று இன்னொரு மனசு கேட்கும். எது சரி என்று தெரியாமல் பழுத்ததைக் காயோடும் காயைப் பழத்தோடும் போட்டு அடுக்கினாள். பக்கத்துக் கடைக்காரி அதைப் பிரித்து மறுபடி அடுக்கிக் கொடுத்தாள்.

அப்புறம் அந்த மூடுபனிக் காலை. அக்கரையில் அனிமா சரக்கோடு தோணியில் உட்கார்ந்திருந்தாள், தோணியின் முன்முனைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தோணிக்காரர் வாயைக் குவித்து, "ஆனரபிள்! வரலாமா?" என்று கூப்பிட்டார். பிறகு பனிக்குள்ளிருந்து அந்தக் குரல், தேர்தல் மேடைக் குரல், சந்தேகமே இல்லாத குரல் வந்தது. "தாராளமா வாங்க!"

நடு ஆற்றில் மரம் மோதியது. அனிமாவுக்கு ஞாபகமிருப்பதெல்லாம் மூக்கில் ஏறின சேற்றுத் தண்ணீரும், தன்னைச் சுற்றித் தக்காளிகள் சிவப்பு சிவப்பாக மிதந்ததும், கூடைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதே அனிமா, சுற்றாதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டதும்தான். கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எப்படியோ இக்கரையில் ஒதுங்கினார்கள். அவள் எழுந்தாள், ஒரு செருமல் செருமித் துப்பினாள், ஈரத் துணியோடு நேராக இலவ மரத்தடிக்கு நடந்து, துணிக்கயிற்றைப் பிடித்து ஆட்டினாள்.

"ஆனரபிள்! பனியில உங்களுக்கு ஆறு தெரிஞ்சுதா?"

அவர் ஆற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான்னு கேக்குறேன்!"

"தெரியலைம்மா" என்றார் ஒபிரி. "கீழே ஒண்ணுமே தெரியலை."

"அப்புறம் எதுக்கு வாங்கன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் என்னை நம்பி நிக்கிறீங்க. தெரியலைன்னு எப்படிம்மா சொல்றது?"

சொல்லி முடித்ததும் அவர் சரசரவென்று கீழே இறங்கினார், துணிக்கயிறு தொய்ந்து அனிமாவின் தலையில் விழுந்தது. அவள் அதை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மாதக்கணக்கில் ஒரு வாக்குறுதிக்கு ஒரு சாண் ஏறின மனுஷர், உண்மை ஒன்று சொன்னதும் ஒரு பனை உயரம் இறங்கியிருக்கிறார். ஊர் கூடிவிட்டது.

"பாலத்துக்குப் பணம் கேட்டீங்களா?" என்றாள் அனிமா.

"கேக்கலை." இறங்கினார்.

"யாரையாவது போய்ப் பார்த்தீங்களா?"

"மந்திரியைப் பார்த்தேன். அவர் மகள் கல்யாணத்தைப் பத்திப் பேசினேன்." இறங்கினார்.

இப்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, கேளு அனிமா கேளு என்றது. மறு பாதி அவள் தோளைப் பிடித்து இழுத்தது. "விடு ஆண்ட்டி! மண்ணைத் தொட்டுட்டா மறுபடி மேலே போகமாட்டார்! ஆத்தை யார் பார்த்துச் சொல்லுவா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "ஒரு தடவைதானே தப்பு நடந்துச்சு, பாவம்!" என்று அழவே தொடங்கிவிட்டாள். இறக்கச் சொன்னவர்களில் சிலர் அழுகையைக் கேட்டு மனசு மாறினார்கள், அழுதவர்களில் சிலர் தக்காளி நஷ்டத்தை நினைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அனிமா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவர் மண்ணைத் தொட்டால் மழை முடிகிறவரை தோணிக்கு யாரும் துணையில்லை, பாலமும் இல்லை, நாற்காலியும் போகும். தொடாவிட்டால் இப்படியே அண்ணாந்து பார்த்தே காலம் போகும். ஒபிரி இப்போது அவள் முகத்துக்கு நேராக, தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு கிட்டத்தில் அவரை அவள் அந்தச் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அந்தக் கேள்வி அவள் வாயில் வந்தது, அவள் யோசித்து வரவழைத்தது இல்லை.

"எங்கள் சகோதரி, எங்கள் சகோதரின்னு அன்னைக்கு அழுதீங்களே ஆனரபிள். என் தங்கச்சி பேரு என்ன?"

ஒபிரி வாயைத் திறந்தார். மூடினார். கூட்டத்தைப் பார்த்தார், எங்கிருந்தாவது யாராவது உதட்டை அசைத்துக் காட்டமாட்டார்களா என்று பார்த்தார். எல்லோரும் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றார்.

சேற்றில் இரண்டு செருப்பும் சளக்கென்று பதிந்தன.

அனிமா குனிந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவருடைய வலது காலைப் பிடித்தாள், செருப்பைக் கழற்றினாள், அந்த மெத்து மெத்தென்ற, மண்ணே படாத பாதத்தை இரண்டு கையாலும் சேற்றில் அழுத்தினாள். தலைவன் இறங்கிவிட்டான் என்று அறிவிக்க முரசுக்காரர் கோலை ஓங்கிவிட்டார். அவள் இடது காலுக்கும் கையைக் கொண்டுபோனாள், வார் வரைக்கும் போன கை அங்கேயே நின்றது, எழுந்துவிட்டாள்.

"போங்க" என்றாள். "போய்ப் பாலம் கேட்டுட்டு வாங்க. என் தங்கச்சி பேரு பொக்குவா. கேக்கிற இடத்துல அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க. அப்புறம் வந்து இந்தச் செருப்பை வாங்கிக்கோங்க."

ஊர்ப் பெரியவர்கள் பதறிப்போனார்கள். ஒற்றைக் காலை மட்டும் இறக்குவதற்குச் சட்டத்தில் இடம் எங்கே? இந்த ஆள் இப்போது தலைவனா இல்லையா? இவர் முன்னால் செருப்போடு நிற்கலாமா கூடாதா, குடை பிடிக்க வேண்டுமா, பிடிப்பதென்றால் எந்தப் பக்கம்? எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். நானா வெகுநேரம் பேச்சாளர் காதில் பேசினார். பேச்சாளர் கோலை ஊன்றி நிமிர்ந்து நின்று அறிவித்தார்: "நானாவுக்கும் தெரியவில்லை."

ஒபிரி தலைநகரம் போகிற வேனில் ஏறினார். வெறுங்கால் ஏறியதும் பின்னாலேயே இடது கால் தானாக மிதந்து படியேறியது, வலது கால் கனத்து அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பழைய பழக்கத்தில், "சீக்கிரமே வந்துடுறேன்!" என்று கத்தினார். அனிமாவின் கையிலிருந்த செருப்பு விருட்டென்று மேலே எகிறியது, அவள் எட்டிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அந்தச் செருப்பு சந்தையில் அவளுடைய தக்காளிப் பெட்டி மேல் இருந்தது. அது பறக்காமலிருக்க அதன் மேல் கல் வைத்தால் நியாயமில்லை என்று சும்மாவே வைத்திருந்தாள். சில நாள் பெட்டியிலிருந்து சாணளவு தூக்கி நிற்கும், இன்றைக்கு யாரிடமோ பேசியிருக்கிறார் என்று பெண்கள் சிரிப்பார்கள். தோணிக்கு இப்போது யாரும் மேலேயிருந்து வழி சொல்வதில்லை, பனி விலகுகிறவரை காத்திருந்துதான் எடுத்தார்கள், பாதிச் சரக்கு அழுகியது, அழுகின ஒவ்வொரு கூடைக்கும் அனிமா ஏச்சு வாங்கினாள். "நல்லா இருந்த மனுஷனை இறக்கிட்டியே" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இருக்கலாம் என்றாள். நாற்காலியை எடுத்துப்போங்கள் என்றும் சொன்னாள். எடுப்பதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அது அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் கருவாட்டு ராணி தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பார்லிமென்ட் நேரடி ஒலிபரப்பு. ஏதோ ஒரு காலில் செருப்பில்லாத உறுப்பினர் என்று யாரோ சிரித்தார்கள், அவைத்தலைவர் மேசையைத் தட்டினார், அப்புறம் ஒபிரியின் குரல் வந்தது. மேடைக் குரல் போய்விட்டிருந்தது. "எங்க ஊர் ஆத்துல பாலம் இல்லை. நான் ஜெயிச்சு வந்ததிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அதை இங்கே கேட்கவே இல்லை. அந்த ஆத்துல பொக்குவான்னு ஒரு பெண் செத்துப்போனாள். அவள் தக்காளி விற்றவள். அவள் பேரே தெரியாமல் நான் அழுதேன். இப்போது கேட்கிறேன்." சந்தை முழுக்கச் செருப்பைச் சுற்றி நின்றது. செருப்பு அசையவில்லை.

மந்திரி எழுந்து, மாண்புமிகு உறுப்பினர் கவலைப்படவே வேண்டாம், அடுத்த பட்ஜெட்டிலேயே கட்டாயம் கட்டப்படும் என்றார். அவருடைய செருப்பு இவர்களிடம் இல்லை. மறுபடி ஒபிரி பேசினார். "கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. நாளைக்கும் கேட்பேன்."

பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். பெட்டிப் பலகைக்கும் செருப்புக்கும் நடுவில் அனிமா தன் விரல் நகத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

யாரோ கைதட்டப் போனாள், யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இது சந்தோஷப்படுகிற விஷயமா என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. அனிமா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள், வானம் கறுத்துக்கொண்டு வந்தது, அக்கரையில் சரக்கு காத்துக் கிடந்தது. செருப்பைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள், கூடைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாமல் வெறுங்கையில் பிடித்துக்கொண்டு, தோணியைப் பார்த்து நடந்தாள்.